ஜெபக் குறிப்பு ஊர்ப்பேச்சாகாமல் இருக்க

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரியின் குடும்பப் பிரச்சினையை ஜெபக் குறிப்பாகச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் சபை முழுக்க அதே பேச்சு. அவர் இப்போது ஆராதனைக்கே வருவதில்லை. விவரம் தெரியாமல் ஒருவருக்காக எப்படி ஜெபிப்பது?

பதில்: தாராளமாக ஜெபிக்கலாம். கொலோசெ சபையார் அப்போஸ்தலன் பவுலின் முகத்தையே பார்க்காதவர்கள் (கொலோசெயர் 2:1). அந்தச் சபையின் ஊழியர் எப்பாப்பிரா வந்து சொன்னதைக் கேட்டுத்தான் பவுல் அவர்களுக்காக ஜெபித்தார். அந்த ஜெபத்தில் (1:9-12) யாருடைய பெயரும் இல்லை, யாருடைய தவறும் இல்லை. தேவ சித்தத்தை அறியும் அறிவு, நற்கிரியைகளில் கனி, பொறுமையோடு தாங்கப் பலம், நன்றியுள்ள இருதயம் என்று கேட்கிறார். அந்தச் சகோதரியின் பெயரை அதில் வைத்து ஜெபியுங்கள். முடிவெடுக்கத் திணறுகிறவருக்கு 9ஆம் வசனம், தாங்க முடியாமல் தவிக்கிறவருக்கு 11ஆம் வசனம்.

குழுவில் சொல்லுமுன் உரியவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இதைச் சொல்லலாமா? எவ்வளவு சொல்லலாம்?" பதில் வராவிட்டால் தனியாக ஜெபியுங்கள். பெண்கள் கூடுகைக்குக் கொடுத்த அனுமதி வாட்ஸ்அப் குழுவுக்குப் பொருந்தாது. எழுதியதை யார் யாருக்கு அனுப்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்பு ஒரே வாக்கியமாக இருக்கட்டும். தேவையைச் சொல்லுங்கள், காரணத்தை விட்டுவிடுங்கள். "சகோதரிக்குச் சமாதானம் வேண்டும்" என்பது போதும். பேச்சு வளர்வது "ஏன், யாரால்" என்ற இடத்தில்தான். யாராவது "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "அவரிடமே கேளுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஜெபத்துக்குள்ளேயே புறங்கூறுவது. "ஆண்டவரே, போன மாதம் அவர் கணவர் இப்படிச் செய்தாரே" என்று தொடங்கும் ஜெபம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லும் செய்தி. கர்த்தருக்கு அது முன்பே தெரியும். இப்படிப் போனால் குழுவை நடத்துகிறவர் தயங்காமல் குறுக்கிட்டு வேறொருவரை ஜெபிக்கச் சொல்ல வேண்டும்.

இனி அந்தச் சகோதரி. விஷயத்தை வெளியே சொன்னவர் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் (மத்தேயு 5:23-24). "ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்" என்ற சமாதானம் வேண்டாம். அது காயத்தைக் கிளறும். சபைக்குத் திரும்ப வரும்படி அன்றே வற்புறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: ஒரு சகோதரர் வழிதவறிப் போகிறார். குழுவில் சொல்லி ஜெபிக்கலாமா?

பதில்: முதலில் அவரிடம் தனியாகப் பேசினீர்களா? மத்தேயு 18:15 அங்கேதான் தொடங்குகிறது. பேதுரு தடுமாறப்போவதை அறிந்த இயேசு, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டார். அதை அவனிடமே சொன்னார் (லூக்கா 22:32). அந்தச் சகோதரர் திரும்பி வந்த பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசாதபடி ஜெபியுங்கள்.

கேள்வி: ஒருவர் ரகசியமாகச் சொன்னதை எப்போதும் காப்பாற்ற வேண்டுமா?

பதில்: இல்லை. குழந்தைக்கு நடக்கும் கொடுமை, வீட்டில் அடி உதை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்திருப்பது பாவம். குழுவில் சொல்லாதீர்கள். உதவி செய்யக்கூடியவரிடம், அதாவது காவல்துறையிடமோ மருத்துவரிடமோ, அன்றைக்கே சொல்லுங்கள். போதகரிடம் சொல்வது அதற்கு ஈடாகாது. கூடுமானால் பாதிக்கப்பட்டவரிடம் "நான் சொல்லப்போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூடவே போங்கள்.