ஒற்றை உறுப்பினரின் கேள்விகள்

அன்புள்ள ஐயா,

நாடாளுமன்ற விவாதங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் தென்னாப்பிரிக்காவின் ஹெலன் சுஸ்மனை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். பதின்மூன்று வருடம் தனி ஆளாக நிறவெறி அரசை எதிர்த்துப் பேசியிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சால் ஒரு மசோதாகூடத் தோற்கவில்லை. வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போட்ட மன்றம் அது, அவரும் அதற்குள்தான் இருந்தார். அப்படியானால் அந்தப் பேச்சுகளுக்கு என்ன மதிப்பு?

இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் பகுதி எம்.பி.க்களின் வருகை, விவாதம், கேள்வி எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் பட்டியல் போடுகிறோம். பெரும்பான்மை இல்லாதவர்கள் எவ்வளவு பேசினாலும் என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு வந்துவிட்டது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு வரி போதாதுதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

சுஸ்மன் 1917இல் ஜொஹானஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மிஸ்டனில் பிறந்தவர். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்தார். நகரங்களில் வாழும் கறுப்பின மக்கள் மீதான சட்டங்களை ஆராய 1940களில் ஃபேகன் ஆணையம் அமைந்தபோது, இன உறவுகள் நிறுவனத்தின் சார்பில் அதற்குச் சான்றுகள் திரட்டிக் கொடுத்தார். அந்த வேலையில்தான் இந்தச் சட்டங்கள் ஒரு மனிதனின் அன்றாடத்தை எப்படி நெரிக்கின்றன என்பதை நுணுக்கமாகத் தெரிந்துகொண்டார். பிற்பாடு மன்றத்தில் அவர் பேசிய முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் ஆவேசப் பேச்சாளர் இல்லை, தகவல் கேட்பவர்.

1953இல் ஐக்கியக் கட்சி சார்பில் ஹௌட்டன் தொகுதியில் வென்றார். அந்தக் கட்சி பெயருக்குத்தான் எதிர்க்கட்சி. அது பொறுக்காமல் 1959இல் சிலர் பிரிந்து முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். 1961 தேர்தலில் அந்தக் கட்சியில் மிஞ்சியது சுஸ்மன் மட்டும்தான், அதுவும் 564 வாக்கு வித்தியாசத்தில். 1966இல் ஆளும் தேசியக் கட்சிக்கு 126 இடம், ஐக்கியக் கட்சிக்கு 39, முற்போக்குக் கட்சிக்கு அதே ஒன்று. 1974இல் சகாக்கள் வந்து சேரும்வரை இதுதான் நிலைமை.

தனி உறுப்பினர் என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். கட்சியில் பத்துப் பேர் இருந்தால் ஒருவர் சிறைத்துறையைப் பார்ப்பார், ஒருவர் நிதியை, ஒருவர் தொழிலாளர் சட்டத்தை. இவர் எல்லா மசோதாவையும் தானே படிக்க வேண்டும். எழுந்தால் கூச்சல். மாஸ்கோவுக்குப் போ, இஸ்ரேலுக்குப் போ என்று கத்துவார்கள். 1966 செப்டம்பரில் பிரதமர் வெர்வூர்ட் மன்றத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் மன்றத்தின் ஏவலர். அந்தக் கணத்தில் அமைச்சர் பி. டபிள்யூ. போத்தா சுஸ்மனைப் பார்த்து விரலை நீட்டி, நீங்கள்தான் இதைச் செய்தீர்கள், உங்களைப் போன்ற தாராளவாதிகள்தான் என்று கத்தினார். சுஸ்மன் விடவில்லை. முறையிட்டு, மன்னிப்புக் கேட்க வைத்தார். அப்புறம் போத்தா பிரதமரானார், அதிபரும் ஆனார். அவருக்கு எதிரிலும் இவர் அதே மாதிரிதான் எழுந்து நின்றார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மசோதாகூடத் தோற்கவில்லை என்பது உண்மை. 1963இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் ஒருவரை 90 நாள் அடைத்து வைக்கலாம், முடிந்ததும் மறுபடி 90 நாள் அடைக்கலாம், நீதிமன்றம் விடுவிக்க உத்தரவிட முடியாது. பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்ட் 117 நாள், வழக்கறிஞர் ஆல்பி சாக்ஸ் 168 நாள் இந்தச் சட்டத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். இந்த மசோதாவை ஐக்கியக் கட்சியும் ஆதரித்தது. எதிர்த்து நின்றது சுஸ்மன் ஒருவர். 1967இல் கால வரம்பே இல்லாமல் காவலில் வைக்க வழிசெய்த பயங்கரவாதச் சட்டம் வந்தபோதும் அதே கதை.

அந்த 1963 சட்டத்திலேயே ராபர்ட் சோபுக்வேக்காகவே ஒரு பிரிவு சேர்த்தார்கள். கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தை நடத்தியதற்காக 1960இல் மூன்று வருடத் தண்டனை பெற்றவர் அவர். தண்டனை முடிகிற நேரத்தில், முடிந்த பிறகும் அவரைச் சிறைத் தீவான ராபன் தீவிலேயே வைத்திருக்க அந்தப் பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. அதை ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பித்தார்கள். வருடா வருடம் சுஸ்மன் எதிர்த்துப் பேசினார். 1969இல் சோபுக்வேயைத் தீவிலிருந்து விட்டு, கிம்பர்லி நகருக்குள் முடக்கி வைத்தார்கள். உங்கள் பட்டியலில் இந்தப் பேச்சுகளுக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? ஒரே மனிதரைப் பற்றி, ஒரே வாதம், திரும்பத் திரும்ப. ஆனால் சுஸ்மன் எழுந்திருக்கவில்லை என்றால், ஒரு மனிதனைத் தண்டனை முடிந்த பிறகும் தீவில் வைத்திருக்கும் தீர்மானம் எந்த எதிர்ச்சொல்லும் இல்லாமல் நிறைவேறியிருக்கும். அரசு அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இருந்திருக்காது.

வாக்கெடுப்பைவிடப் பெரிய வேலை கேள்விகளில் நடந்தது. நான் அவரை மதிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். பேசுகிறவரைக் கத்தி அடக்கிவிடலாம். கேள்வி கொடுத்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக்குறிப்பில் அச்சாகிவிடும். பாஸ் சட்டத்தில் இந்த வருடம் எத்தனை பேர் மீது வழக்கு? எத்தனை பேருக்குத் தூக்கு? எத்தனை பேருக்குக் கசையடி? காவலில் எத்தனை பேர், செத்தவர்கள் எத்தனை பேர், எப்படிச் செத்தார்கள்? ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு முறை அமைச்சர் ஒருவர், வெளிநாட்டில் நாட்டுக்கு அவமானம் தேடித் தரவே இப்படிக் கேட்கிறீர்கள் என்று கோபப்பட்டார். சுஸ்மன் சொன்ன பதில் பிரபலமானது: தென்னாப்பிரிக்காவுக்கு அவமானம் தருவது என் கேள்விகள் இல்லை, உங்கள் பதில்கள்தான்.

அந்தப் பதில்கள் எங்கே போயின என்று பாருங்கள். அன்றைய தென்னாப்பிரிக்காவில் அரசு ஆணை போட்டுப் பொதுவாழ்விலிருந்து தடை செய்த ஒருவரின் சொல்லைப் பத்திரிகை மேற்கோள் காட்டக் கூடாது. 1959 சிறைச் சட்டத்தின்படி, சிறைகளைப் பற்றித் தவறான செய்தி போட்டால் குற்றம், உண்மைதானா என்று சரிபார்த்ததை நிரூபிக்கும் சுமையும் பத்திரிகையின் தலையில்தான். 1965இல் சிறைக் கொடுமைகளைத் தொடராக வெளியிட்ட ராண்ட் டெய்லி மெயில் மீது வழக்கு நடந்தது, ஆசிரியர் லாரன்ஸ் காந்தரும் செய்தியாளர் பெஞ்சமின் போக்ரண்டும் கூண்டில் நின்றார்கள். மற்ற ஆசிரியர்கள் பயந்து ஒதுங்கினார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டதை வெளியிடலாம். அமைச்சரே எழுதிக் கொடுத்த எண்ணிக்கையைப் பொய் என்று யார் வழக்குப் போட முடியும்? இன உறவுகள் நிறுவனம் வருடா வருடம் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் இப்படி மன்றத்தில் கிடைத்த பதில்களை எடுத்து அடுக்கின. நிறவெறிக் காலத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்களுக்கும் அரசின் வாயிலிருந்தே வந்த கணக்கு கிடைக்கிறது. இதை ஒரு தனி உறுப்பினர் சேர்த்துக் கொடுத்தார் என்பது சின்ன விஷயமில்லை.

மன்றத்துக்கு வெளியேயும் அந்த இருக்கை வேலை செய்தது. 1967இல் ராபன் தீவுக்குப் போனார். மண்டேலாதான் எங்களுக்காகப் பேசுவார், அவரிடம் போங்கள் என்று கைதிகள் அனுப்பினார்கள். மண்டேலா உணவு, உடை, வேலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கையில் நாஜிகளின் ஸ்வஸ்திகா பச்சை குத்திய ஒரு கொடூரமான காவலரைப் பற்றியும் சொன்னார். சுஸ்மன் மேலிடத்தில் அழுத்தம் கொடுத்தார், கொஞ்ச நாளில் அந்தக் காவலர் தீவிலிருந்து போனார். அடுத்து இவர் மன்றத்தில் எழுந்து இதைக் கேட்பார் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். பேசாத பேச்சுக்கும் பலன் இருந்தது, முன்னால் பேசிய பேச்சுகளால். உங்கள் பட்டியலில் இதற்குக் கட்டமே கிடையாது.

டர்பனிலும் மற்ற ஊர்களிலும் இருந்த இந்திய வம்சாவளியினருக்கு, தமிழர்களும் சேர்த்துத்தான், அந்த மன்றத்தில் ஓட்டு இல்லை. எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் அவர்களை வீட்டையும் கடையையும் விட்டு விரட்டியது. ஓட்டில்லாத எல்லோருக்கும் கதவைத் தட்ட ஓர் எம்.பி. வேண்டியிருந்தது. அவர்களுடைய மனுக்கள் ஹௌட்டன் உறுப்பினரிடம் வந்தன. ஹௌட்டனோ பணக்கார வெள்ளையர் பகுதி. அந்த வாக்காளர்கள் 1989இல் அவர் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தேர்தலிலும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து நீங்கள் எழுப்பிய கனமான ஆட்சேபம். வெள்ளையர் மன்றத்தில் உட்கார்ந்ததால் அவர் அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டார் அல்லவா? பார்த்தீர்களா, எங்களிடமும் எதிர்க்கட்சி உண்டு என்று அரசு வெளிநாட்டாருக்குக் காட்டிக்கொண்டது. நாடு கடந்திருந்த போராளிகளில் பலர் இதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அவருடைய கட்சியும் தொடக்கத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்கவில்லை. படிப்பு, சொத்து, வருமானம் என்று தகுதி வைத்தது, 1978இல்தான் அதைக் கைவிட்டது. பொருளாதாரத் தடைகளையும் அவர் கடைசிவரை எதிர்த்தார், ஏழைகளுக்குத்தான் அடி விழும் என்றார். இந்த இரண்டிலும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. தகுதி வைத்து ஓட்டுக் கொடுப்பது அநியாயம்தான், அதை வேறு எப்படிச் சொன்னாலும். தடைகள் அந்த அரசைப் பேச்சுவார்த்தைக்கு நெருக்கியதில் பங்கு வகித்தன என்றே நான் நம்புகிறேன்.

ஆனாலும் நற்சான்று என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. பிரிட்டிஷ் பாணி நாடாளுமன்றம் எங்களுடையது என்று காட்டிக்கொள்ள வேண்டிய தேவை அந்த அரசுக்கு இருந்தது. அதனால் கேள்வி கேட்கும் உரிமையையும் அவைக்குறிப்பையும் ரத்துசெய்ய முடியவில்லை. அந்த ஒரு பிடியை வைத்து அவர் முப்பத்தாறு வருடம் வேலை வாங்கினார். சுவீடனிலிருந்தோ லண்டனிலிருந்தோ அமைச்சரிடம் எழுத்தில் பதில் வாங்க முடியாது. சிறையில் இருந்தவர்களே இதைப் புரிந்துகொண்டார்கள். சிறைக்கூடங்களுக்குள் அந்தத் துணிச்சலான பெண் எட்டிப் பார்த்ததை மண்டேலா தன் சுயசரிதையில் வியந்து எழுதியிருக்கிறார். 1996இல் ஷார்ப்வில்லில் புதிய அரசமைப்பில் மண்டேலா கையெழுத்திட்டபோது சுஸ்மனும் அருகில் இருந்தார். 1960இல் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது.

நம் ஊருக்கு வருவோம். பெரும்பான்மை உள்ள அரசு எதற்குப் பயப்படும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1975 நெருக்கடி நிலையில் ஆளும் கட்சிக்கு மக்களவையில் பெரும்பான்மைக்குக் குறைவே இல்லை. எந்த வாக்கெடுப்பிலும் தோற்கப் போவதில்லை. அப்படியிருந்தும் அந்த ஜூலைக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தை நிறுத்தினார்கள், அவையில் பேசியது பத்திரிகையில் வராதபடி தணிக்கை வைத்தார்கள். நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்த 1956ஆம் வருடச் சட்டத்தையும் நீக்கினார்கள். ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த சட்டம் அது. 1977இல் ஆட்சி மாறிய பிறகுதான் அது திரும்பி வந்தது. எதிர்க்கட்சியின் ஓட்டு அவர்களைப் பயமுறுத்தவில்லை. கேள்வியும் அச்சும்தான் பயமுறுத்தின.

ஆகவே பட்டியல் போடுவதை விட்டுவிடாதீர்கள், எதை எண்ணுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் வரை வருகின்றன. அந்த எழுத்துப் பதில்கள் எல்லாம் மக்களவை இணையதளத்தில் கிடக்கின்றன. உங்கள் எம்.பி. கேட்டதை எடுத்து வாசியுங்கள். இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று கேட்டால் அமைச்சர் துண்டறிக்கையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். எந்த மாவட்டத்தில், எந்த வருடம், எத்தனை பேர், செலவானது எவ்வளவு என்று கேட்டவர் யார்? மழுப்பலான பதில் வந்தபோது அடுத்த கூட்டத்தொடரில் அதையே மறுபடி கேட்டவர் யார்? கிடைத்த பதிலை ஊருக்குக் கொண்டுவந்து மக்களிடமும் நிருபர்களிடமும் கொடுத்தவர் யார்? அப்படி ஒருவர் அகப்பட்டால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள். அவருடைய பத்துக் கேள்விகளையும் பதில்களையும் எடுத்து இங்கேயே விரிவாகப் பேசலாம்.

அன்புடன்.