கோச் வாக்குத் தவறினார், மகனை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். அமெரிக்கக் குடிமகனான என் மகனுக்கு வயது 20. கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிக்கும் வீரன். அவனைச் சேர்க்க வீட்டுக்கு வந்த கோச், தோசை சாப்பிட்டுக்கொண்டே, "இரண்டாம் வருஷம் என்.ஐ.எல். பணத்தை இரட்டிப்பாக்குகிறேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். (என்.ஐ.எல். என்பது வீரரின் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குத் தரும் பணம்.) இரண்டாம் வருஷமும் வந்துவிட்டது, பணம் ஏறவில்லை. கேட்டதிலிருந்து மகனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். வேறொரு பல்கலைக்கழகம் இரு மடங்குக்கு மேல் தருவதாக வாட்ஸ்அப்பில் சொல்கிறது. கோச் மேல் வழக்குப் போட்டுவிட்டு மகனை மாற்றிவிடலாமா? ஒப்பந்த நகலை இணைத்துள்ளேன்.

பதில்: தோசையையும் பெஞ்சையும் விட்டுவிடுங்கள். யாரை ஆட வைப்பது என்பது கோச்சின் முடிவு, எந்த நீதிமன்றமும் அதில் தலையிடாது. வாய்வார்த்தையும் நிற்காது. ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். அதோடு, "இதில் உள்ளதைத் தவிர வேறு வாக்குறுதி இல்லை" என்ற வரிக்குக் கீழேதான் உங்கள் மகனின் கையெழுத்து இருக்கிறது. 2024-ல் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணி முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்திருந்த நேரத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லுகா வெளியேறினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை என்றது எதிர்த்தரப்பு. எழுத்தில் காட்ட ஒன்றுமில்லை.

உங்கள் விஷயத்தில் சட்டம் பார்க்கப்போவது ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவை மட்டும்தான். காலம் முடியுமுன் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், மீதித் தவணைகளுக்குச் சமமான தொகையும் கட்ட வேண்டும், தகராறு நடுவர் மன்றத்துக்குப் போகும் என்கிறது அது. இதை வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தடகளச் சங்கம், மிசௌரிக்குப் போன டேமன் வில்சனிடம் 3 லட்சத்து 90 ஆயிரம் டாலர் கேட்டு 2025-ல் நீதிமன்றம் ஏறியது. அவர் கைக்கு வந்திருந்தது 30 ஆயிரம்தான்.

என்னிடம் வரும் பையன்கள் எல்லாரும் விழுவது ஒரே குழியில். முதலில், பல்கலைக்கழகம் மாற விரும்பும் வீரர்கள் பதியும் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள், ஒப்பந்தத்தை அப்புறம்தான் எடுத்துப் படிக்கிறார்கள். பெயர் ஏறியதும் தவணை நிற்கும். அடுத்த பருவத்து ஸ்காலர்ஷிப்பையும் பழைய பல்கலைக்கழகம் நிறுத்தலாம். புது இடத்து உதவி கோச் "பைஅவுட்டை (விலகுவதற்குக் கட்ட வேண்டிய தொகையை) நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார், ஆனால் எழுதித் தரமாட்டார். ஒரு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் பையன் பெயருக்கு வரும். அப்போது கணக்குப் பார்த்தால், வந்த பணத்தில் ஒரு டிரக் வாங்கியிருப்பான், வரிக்கு எதையும் எடுத்து வைத்திருக்கமாட்டான். இந்தப் பணத்தில் வரி பிடிப்பதில்லை, வருமானத்தைக் காட்டும் 1099 என்ற வரிப் படிவம்தான் வரும். ஆனால் திருப்பிக் கேட்பது முழுத் தொகையை. இருபது வயதுப் பையன்கள் இந்தக் கடனோடு படிப்பையே பாதியில் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

புது இடத்தின் தொகையையும் பிரித்துக் கேளுங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல் வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தக் கணக்கில் வருவது உறுதியான பணம். கலெக்டிவோ (ஆதரவாளர்கள் சேர்ந்து வீரர்களுக்குப் பணம் திரட்டும் அமைப்பு) ஆதரவாளரின் கம்பெனியோ தருவது 600 டாலரைத் தாண்டினால், இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்.ஐ.எல். கோ தளத்தில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும். உண்மையான விளம்பர வேலை இல்லையென்றால் அனுமதி கிடைக்காது. இரு மடங்கு என்று அவர்கள் சொன்னதில் எவ்வளவு இந்த வகை?

எட்டாவது பிரிவை எதிர்த்து வாதாட இடமிருக்கிறது. நஷ்டத்தின் நியாயமான மதிப்பீடாக இல்லாமல் தண்டனையாக இருந்தால் அத்தொகை செல்லாது. உங்கள் ஒப்பந்தத்தில் அது தண்டனை போலத்தான் தெரிகிறது. ஆனாலும் போராட வேண்டாம் என்பேன். நடுவர் செலவும் வக்கீல் ஃபீஸும் போக, தீர்ப்பு வருவதற்குள் ஒரு சீசன் முடிந்துவிடும். கல்லூரி வீரனுக்கு இருப்பதே சில சீசன்கள்தான். அந்த வாதத்தைக் காட்டிப் பேரம் பேசித் தொகையைக் குறைத்து, சமரசமாக வெளியே வாருங்கள். அந்தத் தொகையைத் தானே கட்டுவதாகப் புதுப் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். பழைய இடம் "இனி பாக்கி ஏதுமில்லை" என்று கையெழுத்திட்டுத் தரட்டும். இரண்டு தாளும் கைக்கு வந்த பிறகே போர்ட்டல்.

போர்ட்டலில் பெயர் இல்லாத வீரனிடம் வேறு பல்கலைக்கழகம் பேசுவது என்.சி.ஏ.ஏ. விதிப்படி குற்றம். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். கோச்சிடம் இனி நீங்கள் பேசாதீர்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பு இல்லை. 2026-ல் போர்ட்டல் திறந்திருந்தது ஜனவரி 2 முதல் 16 வரைதான். சமரசக் கடிதம் டிசம்பர் தொடக்கத்திலேயே மகன் பெயரில், வக்கீல் மூலமாகப் போக வேண்டும்.