எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்

தடைக்காலம் தொடங்கியாச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளெல்லாம் கரையில்தான். படகிலிருந்து கழற்றிய ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். செட் எல்லாம் சாக்குப்பையில் ஏறி ரிப்பேர் கடைகளுக்கு வந்துவிடும். அதனாலோ என்னவோ, இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: கடுகளவு பார்ட்ஸை எதை வைத்துப் பார்த்து சால்டர் செய்வது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்: புதிதாகக் கடை போட்டிருக்கிறேன். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் எத்தனை எக்ஸில் வாங்கலாம்?

எக்ஸை, அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதை, விடுங்கள். லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே கை நுழைய இடம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வழக்கமான 7 முதல் 45 எக்ஸ் ஜூம் மாடலில் அது சுமார் 10 செ.மீ. அதற்குள் சால்டரிங் அயர்ன், ட்விஸர், ஈயக்கம்பி, புகை எல்லாம் அடங்க வேண்டும். கூடவே 0.5 பார்லோ என்ற துணை லென்ஸ் ஒன்று வாங்கிக் கீழே மாட்டுங்கள். இடைவெளி 16, 17 செ.மீ. ஆகிவிடும். பவர் பாதியாகும், 3.5 முதல் 22 வரை. ஆகட்டுமே! நான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது 7 எக்ஸுக்கும் 10 எக்ஸுக்கும் நடுவில்தான். 20-க்கு மேல் ஏற்றுவதெல்லாம் வேலை முடிந்தபின் ஐ.சி. கால்களுக்கு நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க. சால்டர் உருகும்போது வரும் பிளக்ஸ் புகையும் பார்லோவில்தான் படியும், மேலேயுள்ள விலை கூடிய லென்ஸ் தப்பிக்கும். ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். லேசாக ஆடினாலும் 10 எக்ஸில் போர்டு அலையில் கிடக்கும் வள்ளம் மாதிரி தெரியும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது.

தலையில் மாட்டும் பட்டை லென்ஸ் வாங்குங்கள் தம்பி. 2 எக்ஸ் லென்ஸ் போட்டால் 0805, 0603 அளவு பார்ட்ஸ் வரை தாராளமாகச் செய்யலாம். 3.5 எக்ஸ் போட்டால் போர்டுக்குப் பத்து செ.மீ. அருகில் குனிய வேண்டும், அயர்ன் சூடு மூக்குக்கு வரும். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ், தின்னர் பட்டால் வெளுத்துப் போகும். மிச்சக் காசுக்கு நல்ல விளக்கு. வெளிச்சம் முதலில், லென்ஸ் அப்புறம்.

மண்டபம், செல்போன் கடைக்காரர்: 1500 ரூபாய்க்கு 1000 எக்ஸ் யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப் கிடைக்கிறது. உங்கள் ஸ்டீரியோ 45 எக்ஸ்தானே? எது மேல்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாத வருஷமே இல்லை. ஒரு கணக்குப் போடுங்கள். படம் தெரியும் உங்கள் கம்ப்யூட்டர் திரை அரை மீட்டர் அகலம், அதாவது 500 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிஜமாகவே 1000 எக்ஸ் என்றால் அந்தத் திரை முழுக்கத் தெரிவது போர்டில் அரை மில்லிமீட்டர். 0402 ரெசிஸ்டரே ஒரு மில்லிமீட்டர் நீளம். பாதி ரெசிஸ்டர் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அயர்ன் டிப் எங்கே வரும்? எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது. நீங்கள் நினைக்கிற வேலைக்குப் போர்டில் ஒரு 3 செ.மீ. அகலமாவது கண்ணில் பட வேண்டும். அந்தத் திரையில் அது 17 எக்ஸ் கூட இல்லை. அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரம்? பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

நானும் ஏமாந்தவன்தான். பல வருஷம் முன்பு ஒரு கடையில் அப்படி ஒன்று வாங்கினேன். பேனா பருமன், நுனியில் எட்டு எல்.இ.டி. போர்டிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் வைத்தால்தான் படம் தெளியும், அதற்குக் கீழே டிப்பை எப்படி நுழைப்பது? சாய்த்து நுழைத்தேன். நான் கையை நகர்த்தினால் திரையில் கொஞ்சம் கழித்து நகரும். டிப் பேடைத் (பார்ட்ஸ் ஒட்டும் செப்புத் திட்டு) தொட்டுவிட்டதா, மேலே நிற்கிறதா என்று தெரியாது, ஏனென்றால் ஒற்றைக் கேமராவில் ஆழம் கிடையாது. அழுத்தினேன், பேடே பெயர்ந்து வந்துவிட்டது. வாடிக்கையாளர் போர்டு அது. மூன்றாம் நாள் அயர்ன் பட்டு அந்தப் பேனாவின் மூக்கும் உருகியது. விற்றவரிடம் போய்க் கேட்டால், "நீங்க ஃபோகஸ் சரியா வைக்கலை" என்றார்.

யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்பை வைத்துப் போர்டைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாம், உப்புப் பூத்த இடத்தைக் காட்டலாம். அதற்கு நல்லதுதான். கேமராதான் வேண்டும், கழுத்து குனிய முடியாது என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் நேரடியாகத் திரைக்குப் போகிற மாடலைப் பாருங்கள். படம் பிந்துவது வெகுவாகக் குறையும். ஆழம் அதிலும் வராது, ஒரு வாரம் குப்பைப் போர்டில் கை பழக வேண்டும். கை நுழைய எத்தனை செ.மீ. என்று அங்கேயும் கேளுங்கள்.

தொண்டி வாசகர்: வயது 48. புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். மைக்ரோஸ்கோப் வாங்கினால் சரியாகிவிடுமா?

முதலில் கண் டாக்டரிடம் போங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை தளர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். மேசையில் உங்கள் கண்ணுக்கும் போர்டுக்கும் எத்தனை செ.மீ. என்று ஸ்கேலால் அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி கேளுங்கள். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீரும். புரோகிரசிவில் கிட்டப் பார்வைப் பகுதி கீழே இருப்பதால் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்துதான் போகும். அப்புறம் மைக்ரோஸ்கோப் வாங்கினால், வெறும் பவர் மட்டும் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸில் சரிசெய்யலாம். சிலிண்டர் பவர், அதாவது அஸ்டிக்மாடிசம், உள்ளவர் கழற்றக் கூடாது. கண்ணாடியோடு பார்க்கத் தோதான ஐபீஸாக (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கேட்டு வாங்குங்கள்.

பரமக்குடி வாசகர்: 0603 கெப்பாசிட்டர் ஆர்டர் செய்தேன். வந்தது பட்டை லென்ஸிலும் தெரியவில்லை. லென்ஸ் மட்டமா?

லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். இன்ச் கணக்கு 0603 என்றால் 1.6 x 0.8 மி.மீ. மில்லிமீட்டர் கணக்கு 0603 என்றால் 0.6 x 0.3, அதாவது இன்ச் கணக்கின் 0201. நீங்கள் இரண்டாவதை வாங்கிவிட்டீர்கள். பட்டியலை முழுசாகப் படித்திருக்கலாம்.

தேவிபட்டினம் வாசகர்: மைக்ரோஸ்கோப் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.

பூஞ்சை. உள்பக்கம் இருப்பதை வெளியே துடைத்து என்ன பயன்? லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களே பிரித்தால் பிறகு இரண்டு கண்ணின் படமும் ஒன்றுசேராது. ஈரமும் இருட்டும் அதற்குத் தீனி. நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா? மாதக்கணக்கில் பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் வைத்திருப்பீர்கள். தினமும் எடுத்து வேலை செய்யுங்கள். நீண்ட நாள் சும்மா கிடக்கும் என்றால் தலைப்பகுதியைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி போடலாம். கச்சான் காற்று அடிக்கிற நாளில் கடை முகப்பில் திறந்து வைக்காதீர்கள். மணலோடு துடைத்தால் லென்ஸில் கீறல் விழும்.

இன்னொன்று, படகிலிருந்து வந்த போர்டை அப்படியே லென்ஸுக்குக் கீழே வைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் உப்பைக் கழுவி, பிறகு ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்துப் பாருங்கள். ஷார்ட் மாதிரி தெரிந்ததில் பாதி வெறும் உப்பாக இருக்கும்.

கீழக்கரை வாசகர்: மச்சான் துபாயிலிருந்து வருகிறார். மைக்ரோஸ்கோப் வாங்கிவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இரண்டு கண் மாடலா, கேமரா குழாயும் சேர்ந்ததா?

வீடியோ எடுக்கப் போகிறீர்களா? இல்லையென்றால் இரண்டு கண் போதும். பார்லோவை மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.

சாயல்குடி வாசகர்: வாட்ச் கடையில் கண்ணில் இடுக்கும் 10 எக்ஸ் லென்ஸ் ஆகுமா?

பார்க்க ஆகும். சால்டர் செய்ய ஆகாது. இரண்டரை செ.மீ. தூரத்தில் அயர்னா, உங்கள் புருவமா?

ஏர்வாடி வாசகர்: விளக்கு வைத்த பெரிய லென்ஸ், ஜன்னலோரம். மேசை விரிப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. அயர்ன் படவில்லை.

வெயில் பட்டிருக்கும். அது பூதக்கண்ணாடி ஐயா, பள்ளிக்கூடத்தில் காகிதம் எரித்த அதே சமாச்சாரம். மூடி கொடுத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள். மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். இன்றைக்கே.

ஊர் போடாத ஒருவர்: மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. உடனே பதில் தேவை.

ஊரும் இல்லை, மாடலும் இல்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. கேமரா குழாய் உள்ள மாடலாக இருந்தால், பக்கத்தில் ஒரு சின்ன இழுவைக் கம்பி இருக்கும். அது வெளியே இழுபட்டிருந்தால் ஒரு கண்ணின் வெளிச்சம் கேமராவுக்குப் போய்விடும். உள்ளே தள்ளிப் பாருங்கள். அப்போதும் இருட்டாக இருந்தால் ஐபீஸ் மூடியைக் கழற்றினீர்களா என்று பார்த்துவிட்டு, மாடலோடு எழுதுங்கள்.