இத்தாலிய ஆல்ப்ஸில் மவுண்டன் பைக் ஓட்ட எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகலாம்?

நாலைந்து நாள் விடுப்பு, சுமாராக ஓட்டத் தெரியும், தினமும் ஊர் மாறாமல் ஒரே இடத்தில் தங்கி ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் வால் வெனோஸ்தா. ஜெர்மன் மொழியில் ஃபின்ஷ்காவ் என்பார்கள். வட இத்தாலியின் தென் டிரோல் பகுதியில், ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் வந்து முட்டும் மூலையில் இருக்கிறது. நான் தெற்கு ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். காரில் அரை நாளுக்குள் போய்விடலாம் என்பதால் பல வருடங்களாக அங்கேதான் சைக்கிளோடு போகிறேன். அங்கே பெரும்பாலானவர்கள் பேசுவது ஜெர்மன். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர் இருக்கும்: லாட்ச் என்றாலும் லாச்சேஸ் என்றாலும் ஒரே ஊர்தான். ரயிலிலும் வழிகாட்டிப் பலகையிலும் குழம்பாமல் இருக்க இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதைகளைச் சொல்வதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் எந்த நாளில் எங்கே ஓட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆல்ப்ஸின் பல பள்ளத்தாக்குகள் வடக்கு தெற்காக ஓடும். இதன் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் மேற்கிலிருந்து கிழக்காகப் போகின்றன. அதனால் ஒரு பக்கச் சரிவு முழுக்கத் தெற்கு பார்த்தது, நாள் முழுக்க வெயில் வாங்கும். அதற்குப் பெயர் சோனன்பெர்க். எதிர்ச் சரிவு வடக்கு பார்த்தது, நிழலும் ஈரமுமாகக் காடு அடர்ந்திருக்கும். அது நோர்டர்பெர்க். வடக்கிலும் தெற்கிலும் உயர்ந்த மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்கின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. சோனன்பெர்க் சரிவில் காய்ந்த புல்லும் முள்ளும் பாறையும்தான். ஆல்ப்ஸில் இப்படி ஒரு வறண்ட நிலமா என்று முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

சைக்கிள்காரருக்கு இதனால் கிடைப்பது நீண்ட பருவம். மற்ற பள்ளத்தாக்குகளில் பாதைகள் பனிக்கடியில் கிடக்கும் மார்ச் மாதத்திலேயே சோனன்பெர்க்கின் கீழ்ப் பாதைகள் காய்ந்து ஓட்டத் தயாராகிவிடும். நவம்பர் வரைக்கும் ஓட்டலாம். ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் நண்பகலுக்கு மேல் அங்கே போகாதீர்கள், வெயில் வாட்டிவிடும். அந்த மாதங்களில் காலையில் வெயில் சரிவு, மதியத்துக்கு மேல் நிழல் சரிவு என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க ஓட்டலாம்.

தங்குவதற்கு லாட்ச் நல்ல ஊர். அங்கிருந்து கேபிள் கார் ஒன்று சுமார் 1,740 மீட்டர் உயரத்தில் உள்ள சங்க்ட் மார்ட்டின் என்ற சிற்றூருக்குச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும். இறங்கி வருவது ஆயிரம் மீட்டருக்கும் மேல். இந்தச் சரிவுப் பாதைகள் பழைய பண்ணைவீடுகளை இணைத்த ஒற்றையடிப் பாதைகள். குறுகலாக, கல்லோடு, சில இடங்களில் ஒரு பக்கம் நேர் கீழே இறங்கும் சரிவோடு இருக்கும். வேகத்தைவிட நிதானம் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரத்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்களுக்கு இது சொர்க்கம். புதியவர்கள் பெயர் வைத்த, பராமரிக்கப்படும் டிரெயில்களிலிருந்து (மலைச் சைக்கிள் பாதைகளிலிருந்து) தொடங்குங்கள். இரண்டு விஷயம் கட்டாயம்: டயர் டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸாக, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தோடு இருக்க வேண்டும். அந்த முள் சாதாரண டியூபை விடாது. அப்புறம் தண்ணீர். வழியில் ஓடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மழை குறைந்த ஊர் என்பதால் பனிமலைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவர நூற்றாண்டுகளுக்கு முன்பே சரிவு நெடுகிலும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் கரையில் சமமாகப் போகும் நடைபாதைகள் பார்க்க ஆசையாக இருக்கும். அவை நடப்பவர்களுக்கானவை, பொதுவாகச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் சைக்கிளை அறையில் விட்டுவிட்டு நடந்து பாருங்கள், அந்த மக்களின் உழைப்பு புரியும்.

நிழல் சரிவில் ஒன்றே ஒன்று ஓட்டுவதாக இருந்தால் ஷ்லாண்டர்ஸ் ஊருக்கு எதிரே உள்ள ஹோலி ஹான்சன். காட்டுக்குள் வளைந்து வளைந்து, நல்ல ஓட்டத்தோடு கீழே கொண்டுவந்து விடும். வெயில் சரிவின் கல்லுக்கு நேர் எதிர் அனுபவம், மெத்தென்ற மண். மேலே போக ஷட்டில் வண்டி கிடைக்கும். கால் பலம் இருந்தால் வனச்சாலையில் மிதித்தே ஏறுங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், அன்றைக்கு எதிர்ச் சரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்களோடு வருகிறவர்களுக்கு டிரெயில் ஓட்டத் தெரியாது என்றால், ரெஷென் கணவாயிலிருந்து மெரானோ வரை அடிஜே நதியோடு இறங்கும் சைக்கிள் பாதை இருக்கிறது. 1,500 மீட்டரில் தொடங்கி 325 மீட்டரில் முடியும், சுமார் 80 கிலோமீட்டர், பெரும்பகுதி இறக்கம். தொடங்கும் இடத்தில் ஏரி நடுவே ஒரு பழைய தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும். 1950இல் மின் உற்பத்திக்காக ஏரியின் மட்டத்தை உயர்த்தியபோது கிராவுன் கிராமம் மூழ்கியது. அதில் மிச்சம் அந்தக் கோபுரம். எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். வீடும் நிலமும் இழந்தவர்களின் கதையையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். வழியில் குளூர்ன்ஸ் என்ற மதில் சூழ்ந்த குட்டி நகரம், அதற்குக் கீழே ஆப்பிள் தோட்டம் தோட்டமாக வரும். களைத்துவிட்டால், மால்ஸுக்குக் கீழே ரயில் நிலையம் உள்ள எந்த ஊரிலும் நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். மால்ஸ், மெரானோ இடையே ஓடும் இந்த ரயில் பாதையை 1990இல் மூடிவிட்டு 2005இல் திரும்பத் திறந்தார்கள். போகும் நாட்களில் ரயில் ஓடுகிறதா, சைக்கிள் ஏற்ற அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஷென் பக்கம் போனால் மேலே பிளாமோர்ட் மேட்டு நிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் முசோலினி அரசு நட்ட டாங்கித் தடுப்புகள் புல்வெளியில் பல் பல்லாக வரிசைகட்டி நிற்கின்றன, பதுங்கு அறைகளும் உண்டு. ஏரி முழுசாகக் கீழே தெரியும்.

சரி, பெரிய பாதைக்கு வருகிறேன். நீங்கள் நன்றாக ஓட்டுவீர்கள் என்றால், ஜூலை பாதிக்கு மேல் போகிறீர்கள் என்றால், மாட்ரிட்ச் கணவாய்க்காக ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். உயரம் 3,123 மீட்டர். சுல்டன் கிராமத்திலிருந்து கேபிள் கார் சுமார் 2,600 மீட்டர் வரை கொண்டுபோகும். மீதி ஐந்நூறு மீட்டர் ஏற்றத்தில் பெரும்பாலும் சைக்கிளைத் தள்ளியும் தோளில் சுமந்தும்தான் போக வேண்டும். மூச்சு வாங்கும், அவசரப்படாதீர்கள். ஓர்ட்லர், கோனிக்ஷ்பிட்ஸே, செவெடாலே மூன்று சிகரங்களையும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதற்கு அந்தச் சுமை தகும். மறுபக்கம் மார்ட்டெல் பள்ளத்தாக்கில் இறங்குவது பள்ளத்தாக்கின் அடி வரை கிட்டத்தட்ட 2,450 மீட்டர். மேல் பகுதி கடினமான கற்பாதை. சுஃபால் மலைவிடுதியில் சூப் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் அணை ஏரி, அதற்குக் கீழே ஸ்ட்ராபெரி வயல்கள். மார்ட்டெல் அந்தப் பழத்துக்குப் பேர் போன ஊர், கோடையில் வழியிலேயே வாங்கித் தின்னலாம். கோடையில் பிற்பகல் இடி மின்னல் சகஜம், அதனால் முதல் கேபிள் காரிலேயே ஏறிவிடுங்கள்.

ஸ்டெல்வியோ கணவாயை விட்டுவிட்டானே என்று நினைப்பீர்கள். பிராட் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவு ஏறும் அந்தச் சாலை 1820களில் கார்லோ டோனெகானி போட்டது, அற்புதமான பொறியியல். ஆனால் கோடையில் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே மவுண்டன் பைக்கில் ஏறுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. பஸ்ஸிலோ ஷட்டிலிலோ 2,757 மீட்டர் உச்சிக்குப் போய், அங்கிருந்து கோல்ட்ஸே பாதையில் இறங்குங்கள். ஓர்ட்லரைப் பார்த்தபடியே மலை இடுப்பில் குறுக்காகப் போய் ஃபுர்கெல் விடுதிக்கு வரும். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்களுக்கு இது வேண்டாம், சில இடங்களில் தவறினால் பிடிப்பே கிடையாது.

இந்த இரண்டும் ஸ்டெல்வியோ தேசியப் பூங்காவுக்குள் வருபவை, நடப்பவர்கள் அதிகம். நெரிசலான பகல் நேரத்தில் சைக்கிளுக்குத் தடை போடுவார்கள். பாதை தொடங்கும் இடத்துப் பலகையில் நேரம் இருக்கும், அதை மீறவே மீறாதீர்கள். நடப்பவரைக் கண்டால் நின்று வழிவிடுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள். பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பினால் அடுத்த மழையில் அந்த இடம் கால்வாயாகிவிடும். அதைச் சரிசெய்பவர் உள்ளூர்க்காரர். நில உரிமையாளரும் பூங்காவும் நாளைக்கே பாதையை மூட முடியும், அப்படி மூடிய இடங்கள் ஆல்ப்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன.

பாதையின் கடினத்தை S0 (மிக எளிது) முதல் S5 (மிகக் கடினம்) வரை குறிப்பார்கள். S1 சுகமாக ஓட்ட முடிந்தால் பள்ளத்தாக்கில் பாதி உங்களுக்கு. மாட்ரிட்சுக்கு S2, S3 பழகியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி லாட்சிலேயே வாடகைக்குக் கிடைக்கும், முழங்கால் கவசத்தை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். மலை மீட்பையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112. இப்போதே தேதி சொன்னால், அந்த மாதத்துக்கு எந்தச் சரிவு, எந்த வரிசை என்று கீழே எழுதுகிறேன்.