எண் குறைவு என்பதால் வீக்கம் இல்லை என்று ஆகிவிடாது

பாலக்கோடு சகோதரிக்கு, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அம்மாவின் இடது கை கனக்கிறது, ஆனால் தோலின் நீரை அளக்கும் கருவியில் எண் குறைவாக வந்ததால் நிணநீர் வீக்கம் (நிணநீர் வடியாமல் கையில் தேங்குவது) இல்லை என்றார்கள் என எழுதியிருந்தீர்கள். அம்மா பருமனானவர் என்றீர்களே, அதுதான் முக்கியம். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. கருவி 2.5 மில்லிமீட்டர் ஆழம் வரை அளக்கும்போது கொழுப்பும் சேர்ந்து எண்ணை இறக்கிவிடும். அதனால் வலது கையிலும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இடதை வலதால் வகுத்து 1.2-ஐத் தாண்டினால் விட்டுவிடாதீர்கள். நாள்பட்ட வீக்கத்தில் தோலுக்கடியில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்துவிடும், அப்போதும் எண் குறையலாம். டேப்பால் சுற்றளவும் எடுங்கள். அப்புறம், தர்மபுரிக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வந்த கையை உடனே அளக்க வேண்டாம், அம்மா சற்று உட்காரட்டும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.