பட்டமளிப்பு விருந்துக்கு எட்டு மேசைகளை வீட்டிலேயே, குறைந்த செலவில் அலங்கரிப்பது எப்படி?

எட்டு மேசைக்கும் எட்டு விதமாக யோசிக்க வேண்டாம். ஒரே அலங்காரத்தை எட்டு முறை செய்யுங்கள். செலவும் குறையும், பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். கருப்போடு இன்னொரு நிறம் மட்டும் போதும். என் தேர்வு, காலி ஜாம் பாட்டிலின் மூடிமேல் கவிழ்த்த சின்னப் பட்டத் தொப்பி.

பாட்டில் சுமார் 15 செ.மீ. உயரம், மூடி 6 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டு அளவு சொல்கிறேன். லேபிளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உரியுங்கள். மிஞ்சிய பிசினைச் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மேலே சுற்றும் காகிதத்தில் கறை படியும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கூழாங்கல்லோ மணலோ நிரப்புங்கள். வெறும் பாட்டில் கை பட்டாலே சாய்ந்துவிடும்.

தொப்பிக்கு 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்; எண் கூடினால் தாள் தடிமன்) கருப்பு அட்டை, ஏ4 அளவில். ஒரு தாளில் 10 செ.மீ. சதுரம் நான்கு, மிச்சத்தில் 21 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். இரண்டு சதுரத்தை ஒட்டி ஒரு மேல்தட்டு, ஒரு பட்டையில் ஒரு வளையம்; ஆக ஒரு தாளுக்கு இரண்டு தொப்பி. எட்டுக்கு நான்கு தாள், கைதவறலுக்கு ஒன்று கூடுதல். ஒற்றைச் சதுரம் போதுமே என்று தோன்றும். போதாது, குஞ்சத்தின் இழுப்பில் நாலைந்து மணி நேரத்தில் ஓரம் தொங்கிவிடும்.

வெட்டுமுன் தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாகச் சுருள்கிறதோ, பட்டையின் நீளம் அந்தப் பக்கம் போக வேண்டும். மாற்றி வெட்டினால் காகித நார் குறுக்கே மடிந்து, வளையம் உருண்டையாக வராமல் கோணல்மாணலாக முறியும். பட்டையின் ஒரு விளிம்பில் 1 செ.மீ. ஆழத்துக்கு, 1 செ.மீ. இடைவெளியில் கத்தரித்து, மூடியைச் சுற்றிச் சற்றுத் தளர்வாக வளையமாக்குங்கள். கத்தரித்த நாக்குகளை உள்பக்கம் மடித்து, கீழே சொல்லும் குஞ்சத்தை மாட்டிய பிறகு, மேல்தட்டின் அடியில் ஒட்டுங்கள். தொப்பி சாய்வாக உட்கார்ந்தால் பட்டை பாட்டிலின் தோளில் இடிக்கிறது என்று பொருள். கீழ்விளிம்பை அரை செ.மீ. குறையுங்கள். தண்ணீராக ஓடும் வெள்ளைப் பசை சதுரங்களைச் சுருக்கிவிடும். குச்சிப் பசையோ டபுள் சைடு டேப்போ நல்லது.

குஞ்சத்தில்தான் தொப்பியின் களையே இருக்கிறது. 5 செ.மீ. அகல அட்டையில் எம்ப்ராய்டரி நூலை 30 சுற்றுச் சுற்றுங்கள். மேல் மடிப்புக்குள் 30 செ.மீ. நூல் ஒன்றை நுழைத்து முடிச்சிட்டு, அதன்பின் கீழ்ப்பக்கத்தை வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் நூலெல்லாம் சிதறி, மறுபடி சுற்ற வேண்டியதுதான். மேலிருந்து 1 செ.மீ. விட்டுக் கழுத்தில் இறுக்கிக் கட்டி, நுனியைச் சமமாக நறுக்குங்கள். இழைகள் நெளிந்து நின்றால் ஈரக்கையால் நீவித் தொங்கவிட்டால் நேராகிவிடும். 8 மீட்டர் நூல்கண்டில் இரண்டு குஞ்சம் வரும். தொங்கும் நூலை மேல்தட்டின் நடுவே துளையிட்டு இறக்கி அடியில் முடிச்சிடுங்கள். துளையை ஒரு பழைய சட்டைப் பொத்தான் மறைத்துவிடும். நுழைத்து முடிச்சிட்ட பிறகுதான் வளையத்தை ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் உள்ளே முடிச்சிடுவது சிரமம்.

பாட்டிலைச் சுற்றிப் படப்பட்டி. சுற்றளவைவிட 1 செ.மீ. நீளமான காகிதத்தில் மூன்று படம்: குழந்தைப் பருவம், பள்ளிக்காலம், இன்று. ஒரே ஒரு படம் வைத்தால் மேசையின் பாதிப்பேர் முதுகுப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டாலே கரையக்கூடும். கண்ணாடியில் ஒட்டாமல் காகிதத்தின் இரு முனைகளை மட்டும் ஒன்றோடொன்று டேப்பால் இணைத்தால், பாட்டிலைப் பின்னர் சமையலறைக்கே திருப்பலாம்.

பாட்டிலடியில் நாலைந்து சான்றிதழ்ச் சுருள் போடலாம். ஏ4 தாளைப் பாதியாக்கிப் பென்சிலில் உருட்டி ரிப்பன் கட்டினால் ஆயிற்று. இதற்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளே போதும், தடித்த தாள் விறைத்து விரியும். விருந்தினர் வாழ்த்து எழுதும் அட்டைகளை மட்டும் சுருட்டாதீர்கள். சுருண்ட தாளைப் பிடித்துக்கொண்டு யாரும் எழுதமாட்டார்கள்.

நடு அலங்காரம் 30 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் எதிரே இருப்பவர் முகம் மறையாது. இது தொப்பியோடு சுமார் 15 செ.மீ.தான். ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம், சாப்பாட்டில் விழும். காகிதத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு வைக்கலாம். அதன் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் பேராபத்து, ஆகவே பேட்டரி அறையின் மூடி திருகாணியால் முடுக்கியதாக இருக்கட்டும்.

முதலில் ஒன்றை முழுசாகச் செய்து பாட்டிலில் பொருத்திப் பார்த்துவிட்டு, மற்ற ஏழுக்கும் அட்டை வெட்டுங்கள். பாட்டில்கள் ஒரே அளவில் கிடைக்காவிட்டால் பட்டை நீளத்தை மட்டும் ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.