எகனமிக்ஸ் பேப்பருக்குப் பயந்து மாஸ்டர்ஸ விடலாமா?

கடிதம்:

வணக்கம் சேர்,

உங்கட எழுத்துகள ரெண்டு மூணு வருசமா வாசிக்கிறன், கடிதம் எழுதுறது இதான் முதல் தரம். நான் படுவான்கரையில (மட்டக்களப்பு வாவிட மேற்குக் கரை) ஒரு டிஎஸ் ஒபிஸ்ல, அதான் பிரதேச செயலகத்தில, டீஓவா (அபிவிருத்தி உத்தியோகத்தர்) இருக்கன், பட்டதாரி நியமனத்தில வந்த ஆள், படிச்சது தமிழும் வரலாறும். எங்கட ஒபிஸ்ல ரெண்டு பேர் பொதுக் கொள்கை முகாமைத்துவம் மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணப் போறாங்க, என்னையும் வா எண்டு நிக்கிறாங்க. பாடத்திட்டத்த வாங்கிப் பாத்தா மைக்ரோ எகனமிக்ஸ், புள்ளிவிபரவியல், பொது நிதி, செலவு நன்மைப் பகுப்பாய்வு, கொள்கைப் பகுப்பாய்வு, நிறுவன முகாமைத்துவம், மதிப்பீடு, ஒழுக்கவியல், கடைசியில ஒரு ஆய்வு எண்டு போகுது. ஓ லெவல்ல கணக்குக்கு சாதாரண சித்தி எடுத்த எனக்கு இதப் பாத்தோண்ண கை கால் ஓடல்ல. களத்தில ஜீஎஸ்மாரோட (கிராம சேவகர்மார்) திரியிற எங்களுக்கு இந்த எகனமிக்ஸ் எதுக்கு சேர்? இது வெறும் ப்ரொமோஷனுக்கான கடதாசியா, இல்லாட்டி உண்மையாவே ஏதும் இருக்கா? லோன் எடுத்துத்தான் படிக்கணும், வீட்டில சின்னப் புள்ளையும் இருக்கு. வகுப்பு சனி ஞாயிறு.

பேர் போட வேணாம்.

பதில்:

மகள்,

கடைசிக் கேள்விக்கு முதல்ல வாறன். ப்ரொமோஷனுக்கான கடதாசியா எண்டு கேட்டிருக்கீங்க, ஓம் கடதாசிதான், அதில ஒளிக்க ஒண்டுமில்ல, என்னோட ஒரே பெஞ்சில இருந்து படிச்ச முக்கால்வாசிப் பேர் அதுக்குத்தான் வந்தவங்க, நானும் அதுக்குத்தான் போனன், 41 வயசில. ஆனா போன இடத்தில எனக்கு உதவினது நான் நினைச்சுப் போன பாடங்கள் இல்ல, நீங்க இப்ப பயப்பிடுறீங்களே அந்தப் பாடங்கள்தான். நிறுவன முகாமைத்துவம், தலைமைத்துவம் எல்லாம் லேசா இருக்கும் எண்டு சந்தோசமாப் போனன், லேசாத்தான் இருந்திச்சு, இண்டைக்கு அதில ஒண்டும் ஞாபகமில்ல. புள்ளிவிபரவியல்ல முதல் தரம் ஃபெயில், ரிப்பீட் அடிச்சித்தான் பாஸ் பண்ணினன், அதுதான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் சோறு போட்டது.

எப்பிடியெண்டு ஒண்டு சொல்றன். ஒரு கிராமத்தில பத்து குடும்பம் எண்டு வைங்க. ஒம்பது குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் வயல், பத்தாவது ஆள் போடியார், அவருக்கு 41 ஏக்கர். கூட்டிப் பிரிச்சா சராசரி 5 ஏக்கர் வரும். கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்கு, போற அறிக்கையில "குடும்பமொன்றுக்கு சராசரியாக 5 ஏக்கர்" எண்டு அழகா ஒரு வரி, வாசிக்கிறவர் இது வசதியான ஊர்தானே எண்டு அடுத்த பக்கத்த திருப்புவார். அந்தப் பத்து பேரையும் வரிசையா நிப்பாட்டி நடுவில நிக்கிறவருக்கு எவ்வளவு எண்டு கேட்டிருந்தா ஒரு ஏக்கர் எண்டு வந்திருக்கும். இடையம் எண்டு ஓ லெவல்ல படிச்சதுதான், புதுசா ஒண்டுமில்ல. இந்தச் சராசரி அறிக்கைகள நானே பத்து வருசம் தயாரிச்சு அனுப்பியிருக்கன் மகள், ஒரு நாளும் உறுத்தினது இல்ல, அந்த வகுப்பில இருந்து கேட்ட அண்டைக்குத்தான் வெக்கமாப் போச்சு.

இப்ப உங்கட மேசைக்கு வருவம். 2023 ஜூலையில அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பணத் திட்டம் தொடங்கினோண்ண ஒபிஸ் வாசல்ல சனம் குவிஞ்சத நீங்களும் பாத்திருப்பீங்க. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப விபரம் எண்டு ஆறு பிரிவில 22 குறிகாட்டி, அதுக்குப் புள்ளி போட்டு, நாலு வகையாப் பிரிச்சு, தொடக்கத்தில மாசம் 2,500ல இருந்து 15,000 வரைக்கும் எண்டு வந்திச்சு. வாசல்ல நிக்கிற அம்மாவுக்கு 22 குறிகாட்டியெல்லாம் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்கு கிடைச்சிருக்கு எனக்கு இல்ல, அதுதான் அவவுக்குத் தெரியும். உங்களுக்கும் அதுக்கு மேல சொல்ல ஏலாமத்தான் இருந்திருக்கும். இப்பிடித் தெரிவு செய்யிற எந்த முறையிலயும் ரெண்டு பிழை வரும், கிடைக்க வேண்டிய ஆள் விடுபடுறது ஒண்டு, கிடைக்கக் கூடாத ஆள் உள்ள வாறது மற்றது, ஒண்டக் குறைக்கப் போய் வரம்ப இறுக்கினா மற்றது கூடும், ரெண்டையும் சைபராக்க ஒரு வழியும் இல்ல. அப்ப இதில எந்தப் பிழைய நாங்க கூடத் தாங்குவம் எண்டு யாரோ ஒராள் எங்கயோ ஒரு மேசையில இருந்து முடிவெடுத்திருக்கார், அந்த முடிவுக்குப் பேர்தான் கொள்கை. களத்தில நிக்கிறவங்களுக்கு இது எதுக்கு எண்டு கேக்கிறீங்க, களத்தில நிண்டு ஏச்சு வாங்கிறது நீங்கதானே, எதுக்காக ஏச்சு வாங்குறம் எண்டாவது தெரியணுமா இல்லையா.

செலவு நன்மைப் பகுப்பாய்வு எண்டா பேரே பயம் காட்டும். குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் போற பாதையில ஏறியிருப்பீங்க. (வேற மாவட்டத்துக்காரங்க வாசிச்சா, பாதை எண்டு நாங்க சொல்றது வாவியக் கடக்கிற மிதவைய, ரோட்டு இல்ல.) நான் அதில வேலைக்குப் போய் வந்த காலத்தில அக்கரையில நிக்கிற பாதை இக்கரைக்கு வாற வரைக்கும் வெயிலுக்குள்ள நிக்கணும், மோட்டர்சைக்கிள் ஏறி, சைக்கிள் ஏறி, மீன்கார ஐயாட பெட்டியும் ஏறித்தான் வெளிக்கிடும். காலமயும் பின்னேரமும் 20 நிமிசம் காத்து நிக்கிற ஒரு டீச்சருக்கு, வருசம் 200 நாள் எண்டு பிடிச்சா, 133 மணித்தியாலம் கரையில போகுது. பாலம் ஒண்டு கட்டலாமா எண்டு கணக்குப் பாக்கிறவர் அந்த 133 மணித்தியாலத்துக்கு ஒரு விலை போடணும். எப்பிடிப் போடுறது? வழமையா அந்த ஆளின்ட சம்பளத்த வச்சுத்தான். அப்ப டீச்சர்ட ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு விலை, நாள் கூலிக்குப் போறவர்ட மணித்தியாலத்துக்கு அதவிடக் குறைஞ்ச விலை, பேரப்புள்ளையோட கோயிலுக்குப் போற ஆச்சிட மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட ஒண்டுமில்ல. கொழும்பில ஒரு மேம்பாலத்துக்கும் படுவான்கரையில ஒரு பாலத்துக்கும் ஒரே சூத்திரத்தப் போட்டா எது வெல்லும் எண்டு நான் சொல்லத் தேவல்ல.

அதோட கழிவு வீதம் எண்டு ஒண்டு இருக்கு. இண்டைக்கு செலவழிக்கிற காசு இண்டைக்குக் கணக்கு, பத்து வருசத்தால வரப்போற நன்மையக் குறைச்சித்தான் மதிக்கணும் எண்டு. பத்து வருசம் கழிச்சு வாற 100 ரூவா, 10 வீதத்தில கழிச்சா இண்டைக்கு 38 ரூவா 55 சதம், அதே 100 ரூவா 5 வீதத்தில கழிச்சா 61 ரூவா 39 சதம். வீதத்த யார் தீர்மானிக்கிறாரோ அவர்ட கையில பாலம். ஒருக்கா ஒரு கூட்டத்தில "இந்தத் திட்டம் பொருளாதார ரீதியா சாத்தியமில்ல" எண்டு ஒரு பெரிய சேர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினாங்க, நான் மெதுவா எத்தின வீதத்தில பாத்தீங்க சேர் எண்டு கேட்டன். அவர் ஃபைலப் புரட்டினார், மறுகாப் புரட்டினார், டீ வந்திச்சு. அவ்வளவுதான் நடந்தது, பாலம் ஒண்டும் வந்திடல்ல, ஆனா அந்தக் கேள்வியக் கேக்கிறதுக்கே எனக்கு ரெண்டு வருசம் படிக்க வேண்டியிருந்திச்சு.

பொது நிதி உங்களுக்குப் பாதி தெரிஞ்ச பாடம், பேர்தான் தெரியாது. நம்மட நிதியாண்டு ஜனவரி 1ல தொடங்கி டிசம்பர் 31ல முடியும், செலவழிக்காத காசு திரும்பிப் போயிரும். திட்டம் பாஸாகி, விலை கோரி, கட்டுநிதி (திறைசேரியில இருந்து வாற காசு) வந்து சேர ஒக்டோபர் நவம்பர் ஆகுது. அப்பதான் நம்மட மாரி தொடங்கும். தெற்கில இருந்து சேர்க்குலர் எழுதுறவருக்கு டிசம்பர் எண்டா வருசக் கடைசி, நமக்கு டிசம்பர் எண்டா வெள்ளம். கொட்டுற மழைக்குள்ள தறப்பாளக் கட்டிட்டு உள்ளூர் ரோட்டுக்கு கொங்கிறீட் போட்டத நானே கிட்ட நிண்டு பாத்து, 31ம் திகதிக்கு முன்னம் வவுச்சர் போகணும் எண்டு கையெழுத்தும் வச்சிருக்கன். அடுத்த வருசம் அந்த ரோட்டு பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடந்திச்சு. ஊர்ச்சனம் கொந்தராத்துக்காரன் களவெடுத்திட்டான் எண்டாங்க, அவன் களவெடுத்தானோ இல்லையோ, பாதிக் களவு கலண்டர்ட. வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில இருக்கிற இந்தக் கோளாறு உலகம் முழுக்க இருக்கிறதுதான், அதுக்கு சில நாடுகள் காசில ஒரு பங்க அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோக விடுறாங்க, சில இடத்தில மூணு வருசத்துக்கு ஒண்டாத் திட்டம் போடுறாங்க. இதெல்லாம் அந்தப் பாடத்துக்குள்ள வரும்.

கொள்கைப் பகுப்பாய்வு எண்டுறது ஒரு பிரச்சினைக்கு நாலு மாற்று வழிய எழுதி, ஒண்டும் செய்யாம விட்டா என்ன நடக்கும் எண்டுறதையும் அதில ஒரு வழியாச் சேர்த்து, எல்லாத்தையும் ஒரே அளவுகோலால அளக்கிறது. 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதிய நிப்பாட்டினதும் நவம்பர்ல திரும்ப விட்டதும் உங்களுக்குத் தெரியும், மற்ற மூணு வழிய ஒராளாவது ஒரு தாள்ல எழுதியிருந்தா எண்டு அந்தப் பெரும்போகம் முழுக்க யோசிச்சன். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில வீடு கட்டக்கூடாது எண்டு வந்த தடை வலயமும் அப்பிடித்தான், தெற்குக்கும் மேற்குக்கும் கடல்ல இருந்து 100 மீட்டர், வடக்குக்கும் கிழக்குக்கும் 200 மீட்டர். நாவலடியப் பாருங்க, ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில ஒரு கீலம் மண், அதில 200 மீட்டர அளந்துகொண்டு போனா எங்க போய் நிப்பீங்க? மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் கடற்கரையோட வீட்டுக்கு வீடு சுவர் முட்டிக்கொண்டு இருந்த சனம், அவங்களுக்கு உள்ளுக்கு காணி எங்க? கொஞ்ச காலத்தில தளர்த்தினாங்க, ஆனா அதுக்குள்ள சனம் கொட்டிலுக்குள்ள கிடந்தது கிடந்ததுதான்.

மதிப்பீடு எண்ட பாடத்தப் பத்தி பேச எனக்கு வாய் கூசும், ஏனெண்டா நானே ஒரு சந்தைக் கட்டடம் கட்டுவிச்ச ஆள். ஊர் பேர் வேணாம். நல்ல கட்டடம், மேசையெல்லாம் மாபிள் பதிச்சு, தண்ணி வசதியோட. மரக்கறி விக்கிற பொம்புளைகள் ஒராளும் உள்ள வரல்ல, முந்தி இருந்த மரத்துக்குக் கீழயே சாக்க விரிச்சிட்டு இருந்தாங்க. நான் கோவத்தில ஒரு நாள் பின்னேரம் போய் அந்த மரத்தடியில நிண்டன். வயலால வாற சனம் எல்லாம் அந்த மரத்தடியாலதான் ஊருக்குள்ள திரும்புது, என்ட கட்டடம் இருக்கிற ரோட்டால பின்னேரத்தில ஒரு நாயும் போகல்ல. கட்ட முதல் அந்த ஒரு பின்னேரம் அங்க நிண்டிருந்தாக் காணும். அறிக்கையில "நிறைவுபெற்ற திட்டம், 100 வீதம்" எண்டுதான் போனது, கட்டி முடிச்சத எண்ணுறது வேற, அதால ஆருக்கு என்ன மாறினது எண்டு பாக்கிறது வேற எண்டு அப்ப எனக்கு ஒத்தரும் சொல்லல்ல.

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வாறது. மரத்தடியில நிக்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கு, அத எந்த மாஸ்டர்ஸும் தராது, இல்லாதது கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கும் ஓ லெவல் கணக்குக்கு மேல பெருசா இல்ல, கம்பியூட்டர் செய்யும், நீங்க கேள்வி கேக்கப் பழகினாக் காணும். தமிழும் வரலாறும் படிச்சது குறை எண்டு நினைக்காதீங்க, ரெண்டு பக்கத்தில ஒரு மெமோ ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஆள் வகுப்புக்கு ஒண்டு ரெண்டுதான் இருக்கும்.

காசு கட்ட முதல் ரெண்டு விசயம் விசாரிங்க. ஒண்டு, அது எஸ்எல்கியூஎஃப்ல (நம்மட நாட்டில பட்டங்கள மட்டம் பிரிக்கிற சட்டகம்) எந்த மட்டம் எண்டு. ஒம்பதாம் மட்டம் எண்டா 30 கிரெடிட், பத்தாம் மட்டம் எண்டா ஆய்வோட சேர்த்து 60 கிரெடிட், பாடங்களுக்கு ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் எண்டுதான் கணக்கு, ஆய்வுக்கு அதவிடக் கூட, அப்ப 1,500 மட்டுக்கா, 3,000த்தையும் தாண்டுமா எண்டு பாத்துக்கொள்ளுங்க. பிறகு பிஎச்டி பக்கம் போற எண்ணம் இருந்தா பத்துத்தான் நல்லது. ரெண்டாவது, கடைசி ஆய்வ உங்கட பிரதேச செயலகப் பிரிவிலயே செய்ய விடுவாங்களா எண்டு. விட மாட்டம், நூலகத்தில இருந்து எழுதுங்க எண்டா வேற இடம் தேடுங்க.

சின்னப் புள்ள விசயம். நான் படிச்ச ரெண்டு வருசமும் சனி ஞாயிறு வீட்டைப் பாத்தது என்ட மனிசி, நான் அதப் பத்தி அவவிட்ட ஒரு வார்த்தை கேக்காமத்தான் போய்ச் சேர்ந்தன், ஆம்புளைக்கு அது நடந்திட்டு. உங்களுக்கு அப்பிடி நடக்காது. வீட்டுக்காரரோட இப்பவே இருந்து பேசுங்க, எந்தச் சனிக்கிழமை ஆர் சமைக்கிறது, புள்ளைய ஆர் பாக்கிறது எண்டு கலண்டர்ல குறிச்சுப் போட்டு மறுகாப் போய் லோன் ஃபோர்ம நிரப்புங்க.